நீல நட்சத்திர மீன் ஏன் 12 நாளில் கரைந்தது, அடுத்து எதை வாங்கலாம்?

உங்கள் கேள்வி இதுதான். தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பவளத் தொட்டியாக ஓட ஆரம்பித்து 5 மாதம் ஆகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். மென்பவளங்கள் நன்றாக விரிகின்றன, கோமாளி மீன்கள் தின்கின்றன. நீல லிங்கியா என்ற அந்த நட்சத்திர மீன் மட்டும் கை நுனியில் வெள்ளை தட்டி, 12ஆம் நாள் கூழாகக் கரைந்துவிட்டது. தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் சேர்க்கும் சொட்டு முறையில் ஒரு மணி நேரம் பழக்கித்தான் விட்டீர்கள். எங்கே தவறு, அடுத்து எந்த வகை வாங்கலாம்?

அதைக் கொன்றது பெரும்பாலும் உப்பு அளவில் ஏற்பட்ட திடீர் மாற்றம். அதில் தப்பியிருந்தாலும் உங்கள் தொட்டியில் அது ஓராண்டைத் தாண்டியிருக்காது, பட்டினியில் போயிருக்கும். வீட்டுத் தொட்டியில் நட்சத்திர மீன் சாவது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான். முதல் சாவு இரண்டு வாரத்துக்குள் வரும். இரண்டாவது சாவு ஆறேழு மாதம் கழித்து வரும், அப்போது காரணம் யாருக்கும் புரியாது.

முதலில் உப்பு. பெயரில் மீன் இருந்தாலும் இது மீன் அல்ல, முட்தோலி என்ற வேறு உயிரினக் கூட்டம். கடல் மீனுக்குச் சிறுநீரகம் உண்டு, செவுளில் உப்பை வெளித்தள்ளும் செல்களும் உண்டு. அதனால் கடையில் உப்பு குறைவாக இருந்து வீட்டில் கூடுதலாக இருந்தாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். நட்சத்திர மீனுக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அதன் உடற்குழியில் இருக்கும் திரவம் ஏறக்குறைய வெளியே உள்ள கடல்நீரேதான். முதுகில் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்னப் பொட்டு தெரியும் பாருங்கள், அது சல்லடைத் தட்டு. அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் நீரின் அழுத்தத்தால் இயங்குகின்றன, அந்தக் குழல்களைக் கடலோடு இணைப்பது இந்தத் தட்டுதான். வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறும், தடுக்க ஆள் இல்லை. செல்கள் சட்டென்று சுருங்கியோ வீங்கியோ சேதமாகின்றன.

இதில் ஏமாற்றும் விஷயம், சேதம் அன்றைக்கே தெரியாது. விட்ட அன்று கண்ணாடியில் ஏறி நடக்கும், நாமும் பிழைத்துக்கொண்டது என்று படம் எடுப்போம். மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கை நுனி மெலியும், தோலில் வெள்ளைத் திட்டு விழும், சேதமான திசுவில் பாக்டீரியா புகுந்து கரைக்க ஆரம்பிக்கும். உங்களுடைய 12 நாள் இந்தக் கணக்கில் சரியாக உட்கார்கிறது.

ஒரு மணி நேரம் பழக்கியும் ஏன் இப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உப்புச் செலவு குறையவும், மீன்களில் ஒட்டுண்ணி பெருகாமல் இருக்கவும் பல கடைகள் தொட்டியின் ஒப்படர்த்தியை (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.018 முதல் 1.020 வரைதான் வைத்திருக்கும். பையில் 1 லிட்டர் தண்ணீர், அளவு 1.019 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொட்டி 1.025. நொடிக்கு 2 சொட்டு விட்டால், 20 சொட்டு 1 மில்லி என்ற கணக்கில், ஒரு மணி நேரத்தில் சேருவது 360 மில்லி. கலந்த பிறகு பையில் இருப்பது சுமார் 1.0206. அங்கிருந்து எடுத்து 1.025 உள்ள தொட்டியில் விட்டீர்கள். அதாவது இடைவெளியில் கால்வாசியைத்தான் சொட்டு முறை கடந்தது. மீதி முக்கால்வாசியை அது ஒரே நொடியில் தாண்டியிருக்கிறது. உப்பில் சொன்னால் கிட்டத்தட்ட 6 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 6 பங்கு. எத்தனை மணி நேரம் சொட்டவிட்டீர்கள் என்பதை விட, கடைசியில் இரண்டு அளவும் ஒன்றானதா என்பதுதான் கேள்வி.

ஆகவே முதல் வேலை, அளப்பது. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு தப்பும். ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பிபிடி அளவுத் திரவத்தில் சரிபார்க்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் 35 பிபிடி என்பது ஏறக்குறைய 1.026. நட்சத்திர மீன் இருக்கும் தொட்டியை 1.025க்கும் 1.026க்கும் நடுவில் நிறுத்துங்கள், அங்கேயே வைத்திருங்கள்.

இனி பழக்கும் முறை. பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிரித்தவுடன் பை நீரை அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் 0.001க்குள் இருந்தால் ஒரு மணி நேரச் சொட்டே போதும். அதற்கு மேல் என்றால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

ஒரு சுத்தமான வாளியில் பை நீரின் அளவுக்கே சமமான 5 லிட்டர் நீர் தயார் செய்யுங்கள். பை 1.019, தொட்டி 1.025 என்றால், 3.8 லிட்டர் தொட்டி நீரோடு 1.2 லிட்டர் ஆர்ஓ நீர் கலந்தால் சரியாக வரும். வெப்பமும் பையோடு ஒத்திருக்கட்டும். ஏர் ஸ்டோன் ஒன்று போட்டு நட்சத்திர மீனை அதில் மாற்றுங்கள். பை நீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள், தொட்டிக்குள் வேண்டாம். பிறகு ஏர் டியூபில் வால்வு போட்டோ முடிச்சுப் போட்டோ நொடிக்கு 5 சொட்டு விழும்படி தொட்டி நீரை வாளிக்குள் இறக்குங்கள், மணிக்கு ஏறத்தாழ 900 மில்லி சேரும். மணிக்கு ஒருமுறை சேர்ந்த அளவை வெளியே எடுத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் உப்பு முதல் மணியில் 0.001 அளவுதான் ஏறும், பிறகு இன்னும் மெதுவாக. பத்து மணி நேரத்தில் இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். சனிக்கிழமை காலையில் வாங்கினால் இரவில் தொட்டிக்குள் விடலாம். தொட்டியிலிருந்து போகும் 9 லிட்டருக்கு ஈடாக உப்பு நீர் முன்னமே கலந்து வைத்திருங்கள்.

பையிலேயே சொட்டவிடாமல் தனி நீருக்கு மாற்றச் சொல்வது ஏன்? உள்ளூர்க் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த பைக்கு இது அவ்வளவு முக்கியம் இல்லை. விமானத்திலோ பார்சல் வண்டியிலோ ஒரு நாள் பயணம் செய்து வந்த பை வேறு. உள்ளே கழிவு சேர்ந்திருக்கும், கூடவே கரியமில வாயுவும் சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அந்தக் கழிவு அம்மோனியம் என்ற நச்சு குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைப் பிரித்துக் காற்றாட விட்டதும் கரியமில வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அம்மோனியம் அம்மோனியாவாக மாறும். அதே நீரில் நாலு மணி நேரம் சொட்டவிட்டால், உப்பிலிருந்து காப்பாற்றப் போய் நஞ்சில் ஊறவைத்த கதைதான்.

மாற்றும்போது தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஏந்தி மாற்றுங்கள். காற்றில் தூக்கினால் உடனே செத்துவிடும் என்று பயமுறுத்துவது மிகை. கடல் வற்றும்போது ஆழமற்ற திட்டுகளில் வெளியே கிடக்க நேரும் வகைகளில் லிங்கியாவும் ஒன்று. ஆனாலும் ஏற்கெனவே சோர்ந்த உயிருக்கு இன்னொரு சுமை எதற்கு? அதைவிட முக்கியம், பையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்த்து எடுக்கக் கூடாது. குழாய்க்கால்கள் அறுந்துவிடும். பையைக் கவிழ்த்து வாளியில் அமிழ்த்தி வைத்தால் பத்து நிமிடத்தில் தானே இறங்கும்.

தொட்டிக்குள் விட்ட பிறகும் உப்பு மாறலாம், நம் ஊர் வெயிலில் இதை மறக்கக் கூடாது. உங்கள் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு 255 லிட்டர். பாறை, மணல், மேல் இடைவெளி போக நீர் சுமார் 200 லிட்டர் இருக்கும். மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாவது சாதாரணம். மூன்று நாளுக்குச் சற்று மேல் ஊருக்குப் போய் வந்தால் 10 லிட்டர் குறைந்து, 35 பிபிடி இருந்தது 36.8 ஆகியிருக்கும். பதறிப்போய் 10 லிட்டர் ஆர்ஓ நீரை ஒரே வாளியாகக் கவிழ்த்தால் ஐந்து நிமிடத்தில் பழைய அளவுக்கு இறங்கும். ஏறியதைவிட இறங்கும் இந்த வேகம்தான் கேடு. மிதவை வைத்துத் தானாக நீர் நிரப்பும் கருவி ஒன்றைப் போட்டுவிடுங்கள். நட்சத்திர மீன் வாங்கும் காசுக்கு முன்னால் இதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். 30ஐத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறையும், ஏப்ரல், மே மாதங்களில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் சமாளிப்பது கடினம். நைட்ரேட் 10க்குக் கீழ், காரத்தன்மை அதன் அலகில் 8 முதல் 10 டிகேஎச். இவை பவளத்துக்குத் தேவையான அளவுகளேதான், தனியாக மெனக்கெட வேண்டாம்.

இனி பட்டினி. நீல லிங்கியா எதைத் தின்கிறது என்று கேட்டால் பலரும் பாசி என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பாசியை அது சட்டை செய்யாது. பாறை மேல் படியும் பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய கழிவு எல்லாம் சேர்ந்த வழுவழுப்பான மென்படலம்தான் அதன் சாப்பாடு. வயிற்றை வாய் வழியே வெளியே தள்ளிப் பாறை மேல் விரித்து, அங்கேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். கை விரித்தால் 30 சென்டிமீட்டர் வரை வளரும் உயிர், நாள் முழுக்க நடந்துகொண்டே மேய்கிறது. கடலில் பவளத்திட்டு முழுக்க அதற்கு மேய்ச்சல் நிலம். நாலடித் தொட்டியில் இருக்கும் 20 கிலோ பாறையை அது சில வாரத்தில் துடைத்துவிடும். படலம் மறுபடி வளரும் வேகம் போதாது.

பசி வந்தாலும் உடனே சாகாது, தன் உடம்பையே கரைத்துத் தின்றுகொண்டு மாதக்கணக்கில் ஓடும். கைகள் நடுவில் குழி விழுந்து மெலியும், பிடித்தால் காற்றுப் போன டியூப் மாதிரி இருக்கும், வட்டம் சுருங்கும். எட்டாவது மாதம் ஒருநாள் கை நுனி உதிரும். அப்போது தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சிலர் பாசி வில்லை, நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாள், மட்டித் துண்டு வைத்துப் பார்க்கிறார்கள். சில லிங்கியாக்கள் அதன் மேல் ஏறி உட்காரும், பல திரும்பியும் பார்க்காது. தின்னும் என்ற நம்பிக்கையில் வாங்குவது சூதாட்டம். குறைந்தது 400 லிட்டர், ஓராண்டுக்கு மேல் ஓடிய தொட்டி, ஏராளமான பழைய பாறை, போட்டிக்கு வேறு நட்சத்திர மீன் இல்லை: இவை இருந்தால் லிங்கியாவை யோசிக்கலாம். உங்கள் தொட்டி இதற்கு ஆகாது. நிறத்தில் மயங்கி இரண்டாவது முறை வாங்க வேண்டாம்.

சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் வரும் ஃப்ரோமியா என்ற நட்சத்திர மீன் உள்ளங்கைக்குள் அடங்கும், எட்டு சென்டிமீட்டர் போல. சாப்பாடு அதே மென்படலமும் கடற்பஞ்சும்தான், ஆனால் உடம்பு சின்னது என்பதால் தேவையும் குறைவு. உங்கள் தொட்டி ஓராண்டு தாண்டி, பாறையில் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி நன்றாகப் படர்ந்த பிறகு ஒன்றே ஒன்று வைக்கலாம். இரண்டு வேண்டாம்.

கடைகளில் மலிவாகவும் தடியாகவும் கிடைப்பது சாக்லேட் சிப் நட்சத்திர மீன். இறால், கணவாய், மட்டி என்று எதைக் கொடுத்தாலும் தின்னும், பட்டினி கிடக்காது. ஆனால் பவளத்தையும் தின்னும், அதுதான் சிக்கல். மென்பவளத்தின் மேல் ஏறி வயிற்றை விரித்தால் காலையில் வெறும் தழும்புதான் மிஞ்சும். பவளம் இல்லாத, மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு அது அருமையான உயிர். சிவப்புக் குமிழ்களோடு இருக்கும் அதன் உறவுக்காரனும் அப்படியே. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் வலையில் அடிக்கடி ஏறுவது இதுதான். காய்ந்த நிலையில் கடற்கரைக் கடைகளில் தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். உயிரோடு கிடைத்தது என்று பக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. கரையிலிருந்து வந்த உயிரைப் பவளத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று. அதுபோக, 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுப் பகுதியிலிருந்து எந்த உயிரையும் எடுக்கக் கூடாது.

மணலுக்குள் புதைந்து நடக்கும் சாம்பல் நிற வகையை மணல் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பார்கள். சுத்தம் செய்வது உண்மை, நமக்கு வேண்டியதையும் சேர்த்துத்தான். ஆஸ்ட்ரோபெக்டன் என்ற இந்த இனத்தின் குழாய்க்கால்களில் உறிஞ்சு தட்டு கிடையாது, கூர்மையாக இருக்கும், கண்ணாடியில் ஏறாது. வயிற்றையும் வெளியே தள்ளாது. மணலில் உள்ள சின்ன நத்தை, புழு, சிப்பிக் குஞ்சு எல்லாவற்றையும் முழுதாக விழுங்கும். மணலை உயிரோடு வைத்திருப்பதே அந்தப் பூச்சி புழுக்கள்தான். நாலடித் தொட்டியின் மணலை அது சில மாதத்தில் மலடாக்கிவிட்டு, பிறகு தானும் பட்டினி கிடக்கும். மணலுக்குள் இருப்பதால் செத்ததும் தெரியாது.

உங்கள் தொட்டிக்கு இப்போதே பொருந்துவது பிரிட்டில் ஸ்டார், சர்ப்பென்ட் ஸ்டார் என்று விற்கப்படும் வகைகள். விலங்கியலில் இவை உண்மையான நட்சத்திர மீன் வகுப்பில் சேராது, பக்கத்து வகுப்பு. நடுவில் வட்டமான தட்டு, அதிலிருந்து பாம்பு மாதிரி நெளியும் ஐந்து கைகள். மென்படலத்தை நம்பி வாழ்வதில்லை, மீன் சிந்திய இரையையும் செத்ததையும் பொறுக்கித் தின்னும். அதனால்தான் இவை வருடக்கணக்கில் வாழ்கின்றன. கை வழவழப்பாக, முள் தெரியாமல் இருக்கும் சர்ப்பென்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள். வெளிர் நிறத்தில் கரும்பழுப்புப் பட்டை போட்ட ஒன்று கிடைக்கும், அழகாகவும் இருக்கும், அடக்கமாகவும் இருக்கும். பச்சை நிறத்தில் தடித்த முள்ளோடு வருவதை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது இரவில் கை நுனிகளை ஊன்றி உடம்பைக் குகை மாதிரி உயர்த்தி நிற்கும். ஒதுங்க இடம் தேடி மீன் உள்ளே நுழைந்ததும் கைகளை முறுக்கி இறுக்கிவிடும். காலையில் ஒரு மீன் கணக்கில் குறையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் மூடியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

கண்ணாடியில் நகக்கண் அளவில், வெள்ளைச் சாம்பல் நிறத்தில், கைகள் சமமில்லாமல் ஒட்டியிருக்கும் குட்டிகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். அவை நட்சத்திர மீன் குஞ்சுகள் அல்ல, ஆஸ்டரினா என்ற தனி வகை. இரண்டாகப் பிளந்து பெருகுவதால்தான் கைகள் ஏறுக்குமாறாக இருக்கும். பெரும்பாலானவை கண்ணாடிப் படலத்தோடு நிறுத்திக்கொள்ளும். பட்டன் பவளத்தின் மேல் தொடர்ந்து உட்கார்ந்து, அது மூடியே கிடந்தால் மட்டும் இடுக்கியால் பொறுக்கி எடுங்கள். இவற்றை ஒழிக்க ஹார்லிக்வின் இறால் விடலாம் என்று யோசனை சொல்வார்கள். அந்த இறால் நட்சத்திர மீனைத் தவிர வேறு எதையும் இரையாகக் கொள்ளாது. ஆஸ்டரினா தீர்ந்ததும் காசு கொடுத்து வாங்கியதைக் கை கையாகத் தின்னும்.

கடையில் பார்த்து வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீருக்குள்ளேயே மெல்லத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். ஆரோக்கியமானது குழாய்க்கால்களை நீட்டி, ஒரு கையை மடித்துச் சில நிமிடத்தில் புரளத் தொடங்கும். அப்படியே மல்லாந்து கிடந்தால் வேண்டாம். வெள்ளைத் திட்டு, மெலிந்த நுனி, தொளதொளப்பு இருந்தாலும் வேண்டாம். நீல லிங்கியாவின் அடியில் தொப்பி மாதிரி நீல நத்தை ஒன்று ஒட்டியிருப்பதுண்டு. அழகாக இருக்கிறது என்று சேர்த்து வாங்கிவராதீர்கள், அது அதன் உடல் திரவத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். இரண்டு வாரம் கடையில் தாக்குப்பிடித்ததை வாங்கினால், இறக்குமதிப் பயணத்தின் சேதத்தால் சாக வேண்டியவை அதற்குள் கழிந்திருக்கும். முன்பணம் கொடுத்து அங்கேயே விட்டு வைப்பது நல்ல வழி. தாமிர மருந்து ஓடும் மீன் தொட்டிகளோடு அந்தத் தொட்டியின் நீர் சுற்றுகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் தாமிரம் முட்தோலிகளுக்கு நேரடி நஞ்சு. உங்கள் தொட்டியிலோ அதோடு இணைந்த வடிகட்டித் தொட்டியான சம்ப்பிலோ எப்போதாவது தாமிரம் போட்டிருந்தால், பாறையும் மணலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடும்.

கரையத் தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது. கெட்ட கையை வெட்டிவிட்டால் மீதி பிழைக்கும் என்பது பாதி உண்மை. லிங்கியா மல்டிஃபோரா என்ற வகை அறுந்த ஒற்றைக் கையிலிருந்தே புது உடம்பை வளர்க்கும். ஒரு நீளக் கையும் நுனியில் நாலு குட்டிக் கைகளுமாக வால்நட்சத்திரம் போலவே தெரியும். ஆனால் அது நல்ல திசுவும் இரையும் இருக்கும்போது நடப்பது. உப்பு அதிர்ச்சி ஐந்து கைகளையும் தாக்கியிருக்கிறது, ஒன்றில் முதலில் தெரிகிறது, அவ்வளவுதான். வெட்டுவதால் ஒரு திறந்த புண்தான் கூடும். கரைவது நடுத்தட்டை எட்டிவிட்டால் எடுத்துவிடுங்கள். 200 லிட்டர் நீரில் அழுகும் ஒரு பெரிய நட்சத்திர மீன் ஒரே இரவில் அம்மோனியாவை ஏற்றிவிடும். எடுத்த அன்று அம்மோனியா பாருங்கள், 20 சதவீத நீர் மாற்றுங்கள், வடிகட்டியில் புதுக் கார்பன் போடுங்கள்.

2013இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பரவி, கணக்கில்லாத நட்சத்திர மீன்களைக் கரைத்த நலிவு நோயைப் படித்துவிட்டு, நம் தொட்டியிலும் அதுதானோ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது குளிர்கடல் வகைகளில் வந்த கொள்ளைநோய். தொட்டியில் புதிதாக விட்டது இரண்டு வாரத்தில் கரைந்தால், நோயைத் தேடுவதற்கு முன் ரிஃப்ராக்டோமீட்டரைத் தேடுங்கள்.

சர்ப்பென்ட் ஸ்டார் வாங்கினால் அதையும் மேலே சொன்ன அதே பத்து மணி நேர முறையில் விடுங்கள். உடம்பு முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் உப்பு விஷயத்தில் அதுவும் முட்தோலிதான். அலைப் பம்ப்பின் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள், நெளியும் கை உள்ளே போனால் அறுந்துவிடும். அறுந்தாலும் வளரும், சில மாதம் ஆகும். பகலில் பாறை இடுக்கில்தான் கிடக்கும், வாரக்கணக்கில் கண்ணில் படாவிட்டாலும் பாறையைக் கலைத்துத் தேட வேண்டாம். வாரம் இரண்டு முறை, விளக்கு அணைத்து அரை மணி கழித்து, உப்பு, மசாலா எதுவும் படாத பச்சை இறாலில் கொண்டைக்கடலை அளவு ஒரு துண்டை ஆர்ஓ நீரில் அலசி, நீள இடுக்கியில் பிடித்து ஒரு கையின் நுனிக்குப் பக்கத்தில் காட்டுங்கள். கை சுருண்டு இரையைப் பிடித்து வாய்க்கு இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் எடுக்காத துண்டை வெளியே எடுத்துவிடுங்கள். துப்புரவு இறால் இருந்தால் முதலில் அதற்கு ஒரு துண்டு கொடுத்து வேறு மூலைக்கு இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் நட்சத்திர மீனின் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடும்.